வெளியாள் தேவை

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கிஸ்லானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே அவன் மனைவி ஒதில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்.

இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரான்சின் லீல் நகரில் இத்தனை குஷியாகப் பிரிந்த ஜோடியை அவர்கள் பார்த்ததில்லை.

"நாய் எனக்குன்னு எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள் ஒதில்.

"ஒப்புக்குப் பண்றதுக்கு நாய் எதுக்குடி?" என்று கிஸ்லான் மேசைமேல் சாய்ந்து அவள் காதைக் கடித்தான்.

"பாக்கறவங்களுக்கு நிஜம் மாதிரி தெரிய வேண்டாமா?"

அதுவும் நியாயம்தான் என்று தலையாட்டினான்.

விஷயம் இதுதான். கிஸ்லானின் கொள்ளுத்தாத்தா பக்கத்து ஊரான ரூபேயில் ஒரு கம்பளி ஆலை தொடங்கினார். கம்பளி படுத்ததும் தபாலில் துணி விற்பனை, அது படுத்ததும் பேரங்காடிகள், அப்புறம் ஓட்டல்கள் என்று வாந்த்ரகூர் குடும்பம் சட்டை மாற்றுவதுபோல் தொழிலை மாற்றியது. மாறாதது கொள்ளுத்தாத்தா எழுதிவைத்த ஒரு விதிதான். கல்யாணம் கட்டி வந்தவர்களுக்குக் குழுமத்தில் எந்தப் பதவியும் கிடையாது. வருடாந்திர விருந்தில் சாப்பிடலாம், கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது.

அதனால் பேரங்காடிகளைக் கரையேற்றிய யோசனைகளை ஒதில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லுவாள். கிஸ்லான் அவற்றைக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்குவான்.

இப்போது தலைவர் பதவி காலி. பங்காளி அர்னோ வந்தால் மொத்தத்தையும் அமெரிக்காக்காரனுக்கு விற்றுவிடுவான். கிஸ்லான் நின்றால் நாற்பது ஓட்டுகூடத் தேறாது. அது அவனுக்கே தெரியும். ஆனால் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லாத வெளியாளை நியமிக்கலாம் என்று விதியில் இடம் இருந்தது.

"பிரிஞ்சுட்டா நீயும் வெளியாள்தானே! ரெண்டு வருஷம் நீ உக்காரு. அர்னோ அடங்கினதும் நாற்காலியை என்கிட்ட குடு, மறுபடி கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றான் கிஸ்லான். அவனுக்குச் சொந்தமாகத் தோன்றிய முதல் யோசனை அது. ஒதில் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துக் குடும்பக் கூட்டம். அறுநூற்று முப்பது பங்காளிகள் வந்திருந்தார்கள். மேடையில் ஒதிலைப் பார்த்ததும் அர்னோ துள்ளி எழுந்தான்.

"இது என்ன கூத்து? நேத்து வரைக்கும் இவ நம்ம வீட்டு மருமக!"

பெரியப்பா ரெஜிஸ் விதியை இரண்டு முறை படித்தார். "நேத்து மருமகதான். இன்னிக்கு யாரோ. உக்காருப்பா."

ஒதில் நாற்பது நிமிடம் பேசினாள். ஒருவர்கூட இருமவில்லை. ஓட்டெடுப்பில் அர்னோவுக்கு நூறுகூட விழவில்லை. குழுமம் பிழைத்தது.

கிஸ்லான் இரண்டு ஷாம்பெயின் கோப்பைகளோடு அவளிடம் ஓடினான். அவளை அத்தனை பேர் எழுந்து நின்று பாராட்டியதில் பாவம், அவனுக்குக் கண்ணே கலங்கியிருந்தது.

"ஜெயிச்சுட்டோம் ஒதில்! ரெண்டு வருஷம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். கல்யாணத்துக்கு இப்பவே தேதி பாத்து வெச்சுடட்டுமா?"

ஒதில் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"இருபது வருஷம் மருமகளா இருந்து பாத்துட்டேன், கிஸ்லான். இதுதான் நல்லா இருக்கு."