வெள்ளியங்கிரியின் கழுத்துப்பட்டை

கிரைண்டர் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரியின் கழுத்தில் ஒரு பட்டை உண்டு. முதலாளிமார் எல்லாரும் கட்டியாக வேண்டிய பட்டை அது. அது கழுத்தில் இருக்கும்போது யாராவது புது யோசனை சொன்னால், அவருடைய "முடியாது" தொண்டையிலேயே நின்றுவிடும். வீட்டிலும், அதைக் கழற்றுவதற்குள் கேட்டால்தான் காரியம் நடக்கும்.

அன்று அவர் வாசலில் செருப்பை விடும்போதே மனைவி மரகதம் வெகுநாள் ஆசையைப் போட்டு உடைத்தாள். "ஏனுங்க, நான் புல்லட் ஓட்டப் பழகட்டுங்களா?"

"செரி அம்மிணி, எப்பப் பழகறே?"

மரகதம் சிரித்துக்கொண்டே பட்டையை எடுத்து நீட்டினாள். "காலையில இதை வீட்டுலயே மறந்துட்டுப் போயிட்டீங்க."

வெள்ளியங்கிரி கழுத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப, பாட்டுப் பாடுற கிரைண்டர் செய்யலாமான்னு ஃபிட்டர் கேட்டப்ப செரின்னு சொன்னதும் நானேதானா?"