பன்னிரண்டாவது கிளிப்

“இன்னிக்கு முடியலேன்னா பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுடுவேன். மூத்தாளும் வேண்டாம், அவ சகவாசமும் வேண்டாம்!”

அம்மா டீ டம்ளரைக் கிளிப் தட்டை ஒட்டி ணங்கென்று வைத்தாள். விறுவிறுவென்று கொட்டகையை விட்டு வெளியேறினாள்.

மூத்தாள் என்பது கார். அம்மாவைவிட அதற்கு இரண்டு வயது அதிகம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலாம் மாதம், ஓட்டை உடைசலாக வாங்கி வந்து கொட்டகையில் நிறுத்தியது.

இரண்டு வருடத்தில் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது, பெயின்ட் முகம் பார்க்கும்படி மின்னுகிறது. மூன்று கதவுகளுக்கு உள்பலகையும் மாட்டியாயிற்று. பாக்கி, பின்பக்கத்து இடது கதவு ஒன்றுதான்.

அதற்கும் பலகை தயார். ஈரத்தில் உப்பிப்போயிருந்த பழைய அட்டையை அச்சாக வைத்து, அப்பா புதிதாக அறுத்திருந்தார். மேலே மெல்லிய ஸ்பாஞ்சு, அதன்மேல் மாதுளை நிறத்தில் ரெக்ஸின். ஓரங்களைப் பின்னால் மடித்து ஒட்டியதில் ஒரு சுருக்கம் கிடையாது.

பலகையின் முதுகில் பன்னிரண்டு துளைகள். துளைக்கு ஒரு கிளிப் சொருகி, கதவோடு சேர்த்து அழுத்தினால் வேலை முடிந்தது. நாளைக் காலை மகளுக்கு ரயில். ஸ்டேஷனுக்கு மூத்தாளில்தான் என்று அப்பா போனிலேயே வாக்குக் கொடுத்து அவளை வரவழைத்திருந்தார்.

“நீயே எண்ணி எடும்மா.”

மகள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். “பதினொண்ணுதான்பா இருக்கு.”

“காலையில பன்னிரண்டு இருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் இதே கதை. கடைசி நேரத்துல ஒண்ணு மாயமாப் போயிடும்.”

“ஒண்ணு குறைஞ்சா என்ன? பலகை நிக்காதா?”

“நிக்கும். மேடு பள்ளத்துல கடகடன்னு பேசும். முப்பத்தஞ்சு வருஷம் ஃபேக்டரியில தரம் பார்த்தவன் வண்டி பேசலாமா?”

“அப்ப பலகையே இல்லாம போயிடலாம்.”

“எலும்புக்கூடு தெரிய உன்னை ஏத்திட்டுப் போறதா? நல்லா இருக்கே! இந்த அளவு கிளிப் உள்ளூர்ல கிடைக்காது. தபால்ல வர ஒரு மாசம் ஆகும். நாளைக்கு நீ வாடகை வண்டியிலதான் போகணும்.”

மகள் மண்டியிட்டு பெஞ்சுக்கு அடியில் தேடினாள். அப்பா தேடவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். பாவம், மனசு விட்டுப்போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவருக்கு இன்னொரு டீயாவது போட்டுத் தரலாம் என்று சமையலறைக்குப் போனாள். அலமாரியில் இருந்த டப்பாக்கள் எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. ‘டீத்தூள் – இருப்பு’ என்ற டப்பாவை எடுத்தாள். கலகலவென்றது.

உள்ளே டீத்தூள் இல்லை. கிளிப்புகள்.

“அம்மா! என்ன இது?”

அம்மா அசரவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.

“அந்த வண்டியைக் கண்டாலே ஆகாதுங்கறதுக்காக இப்படியாம்மா பண்ணுவே?”

“ஆகாதா? கோயில் கட்டிக் கும்பிடணும்டி அதை!”

“அப்ப தினம் கத்துறது?”

“கத்தலேன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடுமே.” அம்மா குரலை இறக்கினாள். “ரிட்டயர் ஆனதும் மூணு மாசம் இதோ, இந்த அடுப்புக்குப் பக்கத்துலதான் நின்னார். உப்பை எடை போட்டார். ஒரு பாத்திரத்துக்கு எதுக்கு ரெண்டு மூடின்னு விசாரணை வெச்சார். வெங்காயம் ஒரே அளவுல இல்லேன்னு திருப்பிக் குடுத்தார். கேட்டா, எனக்குத் துணைக்கு நிக்கிறாராம்! மூத்தாள் வந்த அன்னிக்குத்தான் நான் மூச்சே விட்டேன். அவ வேலை முடிஞ்சா என் கதி என்ன?”

மகள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டாள். “ஒண்ணே ஒண்ணு குடும்மா. மனுஷர் முகமே செத்துப்போச்சு.”

அம்மா டப்பாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொந்தப் பல்லைப் பிடுங்கித் தருவதுபோல் ஒரு கிளிப்பை எடுத்து நீட்டினாள்.

“பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லு. அவர் மட்டும் இங்க வந்து நின்னார், உன் வீட்டுக்கே பார்சல் பண்ணிடுவேன்.”

மகள் கொட்டகைக்கு ஓடினாள். “அப்பா, கிடைச்சிடுச்சு!”

அப்பா ரேடியோவை அணைத்தார். கிளிப்பை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எதுக்கும்மா இவ்வளவு சிரமப்பட்டே?”

“மாட்டுங்கப்பா, பார்க்கலாம்.”

அவர் சமையலறை ஜன்னல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு காரின் முன்கதவைத் திறந்து, அதன் பலகையில் தைத்திருந்த பைக்குள் கிளிப்பைப் போட்டார். அது தனியாக விழுந்த சத்தம் இல்லை.

மகள் பைக்குள் கையை விட்டாள். வாய் பிரித்த தபால் பொட்டலம் ஒன்று, பிரிக்காதவை மூன்று. எல்லாவற்றிலும் கிளிப்புகள்.

“அப்பா!”

“உஷ்! இது முடிஞ்சா நான் மறுபடி உங்கம்மாவுக்குத் துணையா அடுப்படியில போய் நிக்கணும்.”