டுரியான் தோட்டத்து எண்ணெய் மனிதன்

நாடு தனித்து நிற்கலாம் என்று வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான். மெர்டேக்காவுக்கு, அந்தச் சுதந்திர நாளுக்கு, இன்னும் ஒரு மாதம்தான். ஆனால், சந்திரமதி தனியாகப் புக்கிட் ரம்பாய் டுரியான் தோட்டத்துக்குப் போவதை மட்டும் அவள் குடியிருந்த காஜா பெராங் தெரு ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் கருணாகரன் தன் கையால் நட்ட மரங்கள். அவன் செத்துப்போன பிறகு வந்த முதல் பருவம். விடிந்ததும் போய் உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவாள். அந்திவரை அங்கே குடிசையிலேயே இருப்பாள்.

"முந்தி புலி இருந்துச்சு, கம்யூனிஸ்ட் இருந்தான். இப்ப ஓராங் மிஞாக், எண்ணெய் மனுஷன், அண்ணி," என்றான் கொழுந்தன் தேவதாஸ். "உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய். புடிச்சா வழுக்கிடுவான். தனியா இருக்கற பொம்பளதான் அவனுக்குக் குறி."

"நீங்க பாத்தீங்களா தம்பி?"

"ரெண்டு தடவ. நம்ம தோட்டத்துலயே."

அவனைப் பார்த்த பாக்கியசாலி அந்த வட்டாரத்திலேயே தேவதாஸ் ஒருவன்தான். தோட்டத்தைச் சீன முதலாளியான தவுக்கே ஒருவரிடம் விற்றுவிட்டு, அண்ணியை நிம்மதியாக வீட்டில் உட்கார வைக்கத் துடித்தவனும் அவன் ஒருவன்தான். பத்திரம் தயார். அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

"இந்தப் பருவம் முடியட்டும் தம்பி."

அதற்குள் தெருவே அவளைக் காப்பாற்றக் கிளம்பியது. எதிர்வீட்டு நல்லையா ஓர் ஊதல் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி பிடி கழன்ற கத்தி ஒன்றைக் கொடுத்தாள். துணைக்கு வருகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பயத்தை வளர்க்கப் பரிகாரத்தைப் போல உரம் கிடையாது என்பதை அறிந்த தேவதாஸ், மலாய்க்காரர்களிடம் கேட்டறிந்த பரிகாரம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"குடிசையில மாட்டி வைங்க. கிட்ட வரமாட்டான்."

சந்திரமதி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் தோட்டத்திலிருந்து ஊதல் அலறியது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஓடி வந்தபோது, அவள் கூந்தல் கலைந்து குடிசை வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கையில் கறுப்பு எண்ணெயில் ஊறிய சட்டை.

"புடிச்சேன். வழுக்கிட்டான். இதுதான் கையோட வந்துச்சு."

தகவல் கேட்டு வந்த போலீஸ் சார்ஜன்ட் தம்பிராஜா சட்டையின் காலரைத் திருப்பினார். உள்ளே சலவைக்காக டோபி போட்ட மைக்குறி.

"ஓராங் மிஞாக் டோபிக்குத் துணி போடுறான்னு இன்னிக்குத்தான் தெரியும்," என்றார்.

குறி யாருடையது என்று டோபி உடனே சொல்லிவிட்டான். மாலைக்குள் தேவதாஸ் லாக்கப்பில் இருந்தான்.

"நீ அவன ரெண்டு தடவ பாத்தியாமே. கண்ணாடியிலயா?"

"சார், ஆம்பள வேர்வ வாடை அடிச்சா அவன் வரமாட்டான்னு சொன்னாங்க. அண்ணன் சட்டையெல்லாம் அண்ணி தானம் பண்ணிட்டாங்க. அதான் என் சட்டையப் பேப்பர்ல சுத்தி நானே குடுத்தேன்."

நம்ப ஆளில்லை. கையெழுத்துக் கேட்டு வாசலில் வந்து நிற்கவும் இனி ஆளில்லை.

லாரிப் பட்டறையில் கேட்டு வாங்கிய கறுப்பு எண்ணெய் டின்னைக் கழுவிக் கவிழ்த்தபோது சந்திரமதிக்குக் கொழுந்தன்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது: ஓர் ஆம்பளைச் சட்டை இருந்தால் போதும், காட்டில் பெண்ணுக்குப் பயமே இல்லை.