பரீட்சைப் பாட்டு

"இந்த இடத்துல ஊதுறது எது? சொல்லு பார்ப்போம்."

ஆரம்பித்துவிட்டார் அவள் புருஷன்.

குழந்தையை இப்போதுதான் தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஊறப்போட்ட துணி வாளியில் அப்படியே கிடக்கிறது. இவருக்குப் பாட்டு கேட்கிறது.

பாட்டென்றால் யாரும் வாயைத் திறந்து பாடுகிற பாட்டு இல்லை. ஒரு கூட்டமே சேர்ந்துகொண்டு ஊதும், தட்டும். ஜாஸாம். அதிலும் ஸ்விங்காம். எந்தக் காலத்திலோ யாரோ ஆடுவதற்கு வாசித்தது, இந்த ஒற்றை அறை வீட்டுக்குள் வந்து ஆட்டி வைக்கிறது.

அவருக்குத் தகரப் பட்டறையில் வேலை. பகலெல்லாம் டங்கு டங்கென்று பெட்டி அடிப்பார். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் ஸ்பீக்கரைத் தட்டிவிடுவார்.

"உன் வீட்டுக்காரருக்குப் பகல்ல அடி, சாயங்காலம் இடி" என்று எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள்.

முன்பெல்லாம் தானுண்டு தன் பாட்டுண்டு என்று கேட்பார். கொஞ்ச நாளாகத்தான் அவளையும் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்.

"புதுசா கேக்குறவங்க எடுத்த எடுப்புல பெரிய சத்தத்துக்குப் போகக் கூடாது. முதல்ல மெதுவா போறதைக் கேளு. கிளாரினெட் மட்டும் தனியா வருது பாரு. அது பழகிடுச்சுன்னா அப்புறம் சண்டைப் பாட்டு."

சண்டைப் பாட்டு என்று பேர் வைத்தது அவள்தான். டிரம்பெட்காரர்கள் எல்லாரும் சேர்ந்து என்னவோ கேட்பார்கள். சாக்ஸபோன்காரர்கள் வெடுக்கென்று பதில் சொல்வார்கள். "புருஷன் பொண்டாட்டி மாதிரில்ல இருக்கு" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை.

கேட்கச் சொல்வதோடு விட்டாலும் பரவாயில்லை. பாட்டு ஓடுகிற நேரமெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பரீட்சை ஹாலில் வாத்தியார் பார்க்கிற மாதிரி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவள். அந்தப் பார்வையிலேயே தெரிந்ததும் மறந்துவிடும்.

இன்றைக்கு நாத்தனார் வேறு வந்திருந்தாள். அவள் எதிரிலேயே கேட்கிறார்.

"சொல்லு, தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"தெரியலீங்க."

"டிராம்போன். நேத்து சொன்னேனே? இதே இடம் வந்தப்ப நீகூட லேசா சிரிச்சியே."

"நான் ஒண்ணும் சிரிக்கல."

"சிரிச்சே, நான் பார்த்தேன். சரி, இன்னொரு தரம் கேளு."

சத்தத்தைக் கூட்டினார். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது.

"குறைங்க."

இன்னும் கூட்டினார். குழந்தை வீறிட்டது. நாத்தனார் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இவள் முகத்திலேயே கண்ணாக இருந்தார்.

இந்த வீட்டுக்கு வந்து அவள் குரல் உயர்ந்ததே இல்லை. இன்றைக்கு உயர்ந்தது.

"போதும், நிறுத்துங்க! நான் படிக்காதவதான். அதை உங்க அக்கா எதிர்ல வேற பரீட்சை வச்சுக் காட்டணுமா? எனக்கு இந்தக் கூச்சல் பிடிக்கல. ஒண்ணுகூடப் பிடிக்கல!"

சொல்லும்போதே அது பொய்யென்று அவளுக்குத் தெரியும். சண்டைப் பாட்டு பிடிக்கும். மெதுவாகப் போகிற அந்த முதல் பாட்டைப் பாத்திரம் கழுவும்போது அவளே முனகுவதுண்டு. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஒண்ணுகூடவா?" என்றார்.

"ஒண்ணுகூட."

அவர் ஸ்பீக்கரை அணைத்தார்.

"சரி, விடு. பிடிக்காததை எப்படிப் பிடிக்க வைக்கிறது? இனிமே கூப்பிடல."

எழுந்துபோய் வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வீடு அமைதியாகிவிட்டது. இத்தனை நாளும் வேண்டும் வேண்டும் என்றிருந்த அமைதிதான். வந்த பிறகு ஏனோ தாங்கவில்லை.

டீ போட்டு எடுத்துவந்தாள்.

"ஏங்க, டீ."

திரும்பவில்லை.

"ஏங்க, உங்களைத்தான். ஆறிடும்."

அசையவில்லை.

குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"பார்த்தீங்களா அண்ணி? நான் பேசினது தப்புதான். அதுக்காகக் கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டாரா? அவ்வளவு கோவமா?"

நாத்தனார் வாசலைப் பார்த்தாள்.

"கோவமில்லம்மா. சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். காது டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். பட்டறைச் சத்தம் அவன் காது ரெண்டையும் தின்னுடுச்சு. மிச்சம் மீதி இருக்கிறதும் சீக்கிரம் போயிடுமாம். பச்சைப்புள்ளக்காரி, தெரிஞ்சா சாப்பிட மாட்டா, தூங்க மாட்டா, அவகிட்ட சொல்லாதேன்னுட்டான்."

டம்ளர் கையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அப்போ... அவருக்கே கேக்காதுன்னா, என்னை எதுக்கு அண்ணி உட்கார வச்சு..."

"நானும் இதையேதான்மா கேட்டேன். 'அவளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா போதும்க்கா. நாளைக்கு அவ கேக்குறப்ப, அவ முகத்தைப் பார்த்தே எந்த இடம் ஓடுதுன்னு நான் தெரிஞ்சுக்குவேன்'னான்."