காற்று ஓயாத கோடை

பாசி அள்ளும் கப்பல், கிடங்கு நிறையாமல் தென்துருவக் கடலைவிட்டு ஊர் திரும்பாது. அதில் வேலை பார்க்கும் இசக்கிமுத்துவுக்கு இது நான்காவது கோடை. தூத்துக்குடியிலிருந்து தங்கை பேச்சி அழைத்தாள்.

“கடல் பச்சையாச்சாண்ணே? தாய்மாமன் மடியில்லாம பாப்பாவுக்கு எப்படிக் காது குத்த?”

“பனி உருகுன தண்ணி லேசு, பேச்சி. அது மேலாப்புல அசையாம நின்னாத்தான் பாசி வெயில்ல கிடந்து வளரும். இந்த வருசமும் காத்து ஓயல. எல்லாத்தையும் கலக்கி அடி இருட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுது.”

“போன வருசமும் இதே பாடம்தான் நடத்துன.”

ஃபோன் பேச்சியின் மகளிடம் போனது. அவள் இசக்கிமுத்துவை நேரில் பார்த்ததேயில்லை.

“மாமா, அங்க இன்னைக்கும் காத்தா?”

“ஆமா கண்ணு.”

“அம்மா, காதுத் தோட்ட மறுபடி பெட்டியில வச்சிரு,” என்றாள் குழந்தை, அழாமல்.