சொத்தைக் கத்திரிக்காய்

ஞானசிகாமணியின் ஜவுளிக்கடை முழுகிக்கொண்டிருந்தது. மயிலாடும்பாறைத் தோட்டத்தை விற்றால்தான் தலை தூக்கும். தோட்டம் வாங்கக் கோம்பையிலிருந்து வந்த கர்ணனிடம், அதைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் "பொன்னு விளையற மண்ணு" என்று அடித்துச் சொல்லி, ஏறக்குறையத் தலையாட்ட வைத்துவிட்டார்.

அந்தத் தெம்பில் அவரையும் கூட்டிக்கொண்டு தேனிச் சந்தைக்குள் நுழைந்து, ஒரு கத்திரிக்காய்க் கூடை முன் குந்தினார்.

"என்னம்மா காய் இது? மாட்டுக்குப் போடுறதா?"

"ஒங்க வீட்ல மாடுதேன் சமைக்குதாக்கும்?" என்றாள் காய்க்காரி. "வாங்கலேன்னா நவுந்து நில்லுய்யா."

ஞானசிகாமணிக்குச் சுர்ரென்றது. கர்ணன் பார்த்திருக்க, பேரத்தில் ஒரு பொம்பளையிடம் தோற்பதா? சொத்தையாக ஒரு காயைத் தேடியெடுத்துப் பிட்டார்.

"யாருகிட்டப் பேசுற? காயைப் பாத்தே மண்ணைச் சொல்லுவேன். உவர் மண்ணு, உப்புக் கிணறு! இது விளைஞ்ச நெலத்தைச் சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பங்குனி வெயிலைவிட அதிகமாகக் கொதித்தாள் காய்க்காரி.

"மயிலாடும்பாறையில வந்து இதைச் சொல்லு பாப்போம்! எம் புருசன் வெளைச்சல்ல பாதி குடுத்து வாரத்துக்கு உழுகுற தோட்டம்யா அது. அதுக்குச் சொந்தக்காரரு இந்தத் தேனி ஜவுளிக்கடை ஞானசிகாமணி மொதலாளி. நான் பாத்ததில்ல. ஆனா அவுக காதுல மட்டும் இது விழுந்துச்சு, ஒன் நாக்கை அறுத்துப்புடுவாக!"

கர்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மண்ணைப் பத்தி நீங்களே சொன்னதுக்கப்புறம் நான் போய்ப் பாக்கணுமாக்கும்?" என்று கோம்பைக்கு வண்டி பிடிக்க நடந்தார்.