விலக்குல நின்னவரு

பேரையூர்ப் பக்கம் எங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்தா, போன் மேப்ப நம்பி நேரா கல்குவாரிக்குத்தான் போகும். அதனால ஊர்ல யாருக்கு முடியலைன்னாலும் எங்க வீட்டுக்காரருதான் மெயின்ரோட்டுல ஊருக்குப் பிரியுற விலக்குல நின்னு, பச்சத் துண்ட ஆட்டி வண்டிய உள்ள திருப்பி விடுவாரு. "இதுக்குக் கவர்மெண்டு ஒமக்குச் சம்பளமா குடுக்குது?"ன்னு நான் வைவேன்.

போன செவ்வாக்கெழம காலைல அவருக்கே நெஞ்சுவலி. ஊரே நூறுநாள் வேலைக்குப் போயிருச்சு. நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன். அதுல பேசுன பிள்ள, "விலக்குல யாரையாச்சும் நிக்கச் சொல்லுங்கம்மா"ன்னுச்சு. "நிக்கிற மனுசனே கட்டில்ல கெடக்காருத்தா, நான் யாரப் போகச் சொல்லுவேன்?"ன்னு அழுதேன்.

ஆனா பாருங்க, இருபது நிமிசத்துல வண்டி வாசலுக்கே வந்துருச்சு. டிரைவரு சீட்ட விட்டு எறங்கல. கூட வந்த தம்பிதான் ஸ்ட்ரெச்சர எறக்குச்சு. "எப்படிய்யா வழி தெரிஞ்சுச்சு?"ன்னு டிரைவர்ட்ட கேட்டேன்.

"எப்பவும் நிப்பாருல்ல பெரியவரு, பச்சத் துண்டு, அவருதான் கைகாட்டுனாரு."

அந்தத் துண்டு இவரு தலைக்கடியில இருந்துச்சு.

நானும் ஏறி அவரு கையப் பிடிச்சுக்கிட்டேன். விலக்குல வண்டி நின்னுச்சு. டிரைவரு கண்ணாடிய எறக்கி, "மதுரைக்குத்தான் போறோம், ஏறிக்கங்கய்யா"ன்னாரு. எட்டிப் பாத்தேன், வெறும் ரோடு.

"அவரு வரலைங்குறாரும்மா. பின்னாடி இன்னொரு வண்டி வருமாம், நிக்கணுமாம்"னு சொல்லிட்டு டிரைவரு சைரனப் போட்டு வண்டிய எடுத்தாரு.

"நிறுத்துய்யா, அவர ஏத்திக்கய்யா"ன்னு கத்துறேன், சைரன் சத்தத்துல யாருக்கும் கேக்கல. என் கைக்குள்ள இருந்த கை ஜில்லிட்டுக்கிட்டே வந்துச்சு.